கரண்ட் வந்ததும் தானே எழ வேண்டும்: நெல்லைச் சீமையில் ஒரு வீட்டு சர்வர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பெட்டி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ வேண்டும். அந்த வரம்புக்கு இந்தப் பக்கம் நின்றுபோன 4, 6, 7-ஆம் தலைமுறை கம்ப்யூட்டர்கள் ஆபீஸ்களிலிருந்து கட்டுக்கட்டாகக் கழிக்கப்பட்டு செகண்ட்ஸ் கடைகளுக்கு வருகின்றன. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லாத பெட்டிகள் இவை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். வீட்டில் ஒரு சர்வர் வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல சமயம்.

வீட்டு சர்வர் என்றதும் மிரள வேண்டாம். நாள் முழுக்க அணையாமல் ஓடி, குடும்பப் போட்டோக்களையும் கல்யாண வீடியோக்களையும் பத்திரம், பட்டா, மார்க்‌ஷீட் ஸ்கேன்களையும் காத்து வைத்து, போன் கேட்டாலும் டிவி கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான் அது. மேலப்பாளையத்தில் அம்மா, துபாயில் மகன் என்று பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே ஆல்பம் கிடைக்கும். போன் தொலைந்தாலும் படங்கள் தொலையாது.

லினக்ஸ் கற்பதுதான் இதில் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. நம் பக்கத்தில் வீட்டு சர்வரைச் சாகடிப்பது கரண்டும் டிஸ்க்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டில் ஆளில்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால், ஒரு பட்டனையும் யாரும் அழுத்தாமல் இந்தப் பெட்டி பழையபடி எழுந்து வேலையைத் தொடருமா?

எந்தப் பெட்டி

ஆபீஸ் மினி பிசிதான் முதல் தேர்வு. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று மூன்று குடும்பங்கள் கிடைக்கும். மூன்றும் ஒரு தடித்த புத்தகம் அளவுதான். இவற்றில் ஐ5-6500டி மாதிரி எண்ணுக்குப் பின்னால் ‘டி’ போட்ட பிராசஸர் இருக்கும். அது 35 வாட் வரம்புக்குள் ஓடும் வகை. வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது பெட்டி மொத்தமும் பிளக்கிலிருந்து இழுப்பது 10 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போதும்.

வாட் கணக்கை முதலிலேயே பார்ப்பது நல்லது. 24 மணி நேரமும் ஓடும் சாமானின் வாட்டை 1.44-ஆல் பெருக்கினால் 60 நாள் பில்லில் அதற்கு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். 10 வாட் மினி பிசிக்கு 14.4 யூனிட். பழைய டவர் பிசி 60 வாட் இழுத்தால் 86.4 யூனிட், வீட்டுக்கு இலவசமாக வரும் யூனிட்டில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். ஏசி ஓடும் வீட்டில் இது இன்னும் உறைக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். சும்மா கிடைத்த டவர் பிசி சும்மா ஓடாது.

பழைய லேப்டாப்பும் ஆகும். 2011-இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. ஆகவே இந்தச் சீமையில் லினக்ஸ் முகம் தெரியாத விருந்தாளி இல்லை. 2 ஜிபி ராம் உள்ள பழைய மாடல், கோப்புகளைப் பகிர்ந்து வைக்கப் போதும். போட்டோக்களில் முகம் தேடித் தரும் வேலைக்குப் போதாது. முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். உப்பின பேட்டரியோடு நாள் முழுக்க சார்ஜில் வைப்பது நெருப்போடு விளையாடுவது. இன்னொன்று, மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். லாகின்ட் அமைப்புக் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்ற வரியை இக்னோர் என்று மாற்றினால் சாத்திய நிலையிலும் ஓடும்.

ராஸ்பெர்ரி பை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரம் குறைவுதான். ஆனால் போர்டு, அடாப்டர், கேஸ், மெமரி கார்டு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பழைய மினி பிசி விலையை எட்டிவிடும். மெமரி கார்டிலேயே சிஸ்டத்தை ஓட்டினால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் கார்டு கெடுவது அடிக்கடி நடக்கும். கரண்ட் அலைக்கழிக்கும் ஊரில் எஸ்எஸ்டி உள்ள பெட்டிதான் நமக்கு.

டெபியன் ஏற்றுதல்

லினக்ஸ் என்பது, சரியாகச் சொன்னால், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னல், அதாவது உள்மையம் மட்டுமே. அதன்மேல் மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருபவை தொகுப்புகள். அவற்றில் மூத்த ஒன்று 1993-இல் தொடங்கிய டெபியன்; உபுண்டு அதிலிருந்து பிறந்ததுதான். வீட்டு சர்வருக்கு டெபியனையே சொல்வோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புது வெளியீடு வரும், இடையில் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டும் வரும், ஓடுகிற எதையும் தேவையில்லாமல் அசைக்காது. டெபியன் 13, ட்ரிக்ஸி, 2025 ஆகஸ்டில் வந்தது. இதை நிறுவ 64 பிட் பிராசஸர் வேண்டும். பழைய லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 32 பிட்டாக இருந்ததாலேயே பிராசஸரும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இறக்க வேண்டியது நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ, 1 ஜிபிக்குள் அடங்கும். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பெட்டியை லேன் கேபிளால் ரவுட்டரோடு சேர்த்துவிடுங்கள். சர்வரை வைஃபையில் ஓட்டும் எண்ணமே வேண்டாம். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு வரும்.

நிறுவும்போது மூன்று இடங்களில்தான் கவனம் தேவை. ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தை வெறுமனே விட்டுவிட்டால், அடுத்து நீங்கள் உண்டாக்கும் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, தானாக வந்துவிடும். அங்கே எதையாவது அடித்துவிட்டு, பிறகு சூடோ வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். டிஸ்க் பிரிக்கும் கட்டம் வருவதற்கு முன்பே, படங்கள் உள்ள வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் திரும்ப வராது. கடைசியாக மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப், க்னோம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைவதற்கு), ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுடிலிட்டீஸ் இரண்டையும் வையுங்கள்.

முடிந்ததும் கறுப்புத் திரையில் லாகின் என்று ஒரு வரி நிற்கும். அவ்வளவுதான், சர்வர் பிறந்துவிட்டது. மானிட்டரைக் கழற்றிவிடலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெட்டிக்கு 192.168.1.10 மாதிரி ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள்; இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழும்போது முகவரி மாறி, சர்வர் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். இனி எல்லா வேலையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான். ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேடு முடித்து, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதியையும் போட்டுவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும். எஸ்எஸ்எச் சாவி ஒன்றை இடி25519 வகையில் உண்டாக்கி, பாஸ்வேர்டால் நுழைவதை நிறுத்திவிடுங்கள். நிறுத்திய கையோடு இருக்கும் ஜன்னலை மூட வேண்டாம். இன்னொரு ஜன்னலில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு மூடுங்கள்.

கரண்ட்

இனிதான் முக்கியமான பாகம். கரண்ட் போவதில் மூன்று விதம் இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, ஆனி ஆடிக் காற்றில் வரும் கண்சிமிட்டல். ராதாபுரத்திலும் பணகுடியிலும் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்றுதான் கம்பியைக் கம்பியோடு உரசவும் வைக்கிறது. ஒரு நிமிஷத்துக்குள் மூன்று முறை போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது பல வீடுகளில் உள்ள புகார். இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். யுபிஎஸ் என்றும், நார்மல் அல்லது ஈகோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாற ஆகும் நேரத்தை மின்விசிறி தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் அந்த நேரத்துக்குள் மாறிவிடும். இந்த ஒரு சுவிட்சுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தனி யுபிஎஸ் வாங்கியவர்கள் உண்டு.

இரண்டாவது, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் போட்டுவிட்டு, பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. 5 மணி நேரம். 15 வாட் இழுக்கும் பெட்டிக்கு இது 75 வாட்-அவர்தான். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் எழுத்தளவில் 1800 வாட்-அவர் இருக்கிறது. பழசாகிப் பாதியாகக் குறைந்திருந்தாலும் சர்வருக்கும் ரவுட்டருக்கும் அது ஒரு பொருட்டில்லை. மின்விசிறிகள்தான் பேட்டரியைக் குடிக்கும். ரவுட்டரையும் ஃபைபர் மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்ட மறக்காதீர்கள். ஃபைபரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்கு வழியில் கரண்ட் தேவையில்லை. அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சிலோ கேபிள்காரர் அறையிலோ பேட்டரி இருந்து, இந்தப் பக்கம் உங்கள் மோடமும் எரிந்தால் தெருவே இருட்டானாலும் இன்டர்நெட் நிற்காது.

மூன்றாவது, புயல் மழையில் ஒரு நாள், இரண்டு நாள் என்று போவது. இங்கே பேட்டரி தீரும்முன் சர்வர் தானே ஒழுங்காக அணைய வேண்டும். யுஎஸ்பி உள்ள யுபிஎஸ் என்றால் நட் என்ற மென்பொருள் பேட்டரி அளவைக் கேட்டு அணைத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் அப்படி எதுவும் பேசாது. அதற்கு ஒரு வழி உண்டு. இன்வெர்ட்டர் லைன் அல்லாத பிளக்கில் ஒரு பழைய ரவுட்டரை மாட்டி, லேன் கேபிளால் நெட்வொர்க்கில் சேர்த்துவிடுங்கள். சர்வர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதற்கு பிங் அனுப்பட்டும். பதில் வந்தால் கரண்ட் இருக்கிறது. தொடர்ந்து 6 மணி நேரம் பதில் வராவிட்டால் சர்வர் ஷட்டவுன் ஆகட்டும். பத்து வரி ஷெல் ஸ்கிரிப்டில் முடிகிற காரியம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களும் விழுகிற பொறி. கரண்ட் வந்ததும் பெட்டி தானே எழுவதற்கு, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ‘ஏசி ரிக்கவரி’ அல்லது ‘ஆஃப்டர் பவர் லாஸ்’ என்ற அமைப்பை ‘ஆன்’ என்று வைப்போம். ஆனால் ஸ்கிரிப்ட் சர்வரை அணைத்தபோது இன்வெர்ட்டரில் இன்னும் சார்ஜ் இருந்திருந்தால், பெட்டியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. போகாத கரண்ட் எப்படித் திரும்பி வரும்? லைன் வந்த பிறகும் பெட்டி எழாமல் கிடக்கும். பயாஸிலேயே தினமும் குறிப்பிட்ட நேரத்துக்குத் தானே ஆன் ஆகும் வசதி இருக்கும். அதைக் காலை 5 மணிக்கு வைத்துவிடுங்கள். அல்லது அணைக்கும் ஸ்கிரிப்டிலேயே ஆர்டிசி-வேக் கட்டளையைப் போட்டு, 8 மணி நேரம் கழித்து எழுப்பச் சொல்லுங்கள். எழுந்து பார்த்து இன்னும் கரண்ட் இல்லையென்றால் மறுபடி தூங்கட்டும்.

இத்தனை ஏற்பாட்டையும் குலைக்க ஒரு சின்ன சாமான் போதும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் அது. பழைய பெட்டியில் அது தீர்ந்திருந்தால், கரண்ட் முழுதாகப் போகும்போது பயாஸ் எல்லா அமைப்பையும் மறந்துவிடும். கரண்ட் வந்ததும் எஃப்1 அழுத்து என்று ஒரு வரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். மானிட்டர் இல்லாததால் யாருக்கும் தெரியாது. கடிகாரமும் பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது, அப்டேட்டும் ஓடாது. செகண்ட்ஸ் பெட்டி வாங்கிய அன்றே அந்தப் பேட்டரியை மாற்றிவிடுவது உத்தமம். கீபோர்டு இல்லையென்றால் நிற்காதே என்ற அமைப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எர்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் பகல் முழுக்க புழுங்கி, மாலையில் இடியோடு கொட்டும் மழையில்தான் மோடமும் லேன் போர்ட்டும் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் ஃபைபரைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியிலும், மோடத்தின் அடாப்டரிலும், தட்டட்டியில் (மொட்டை மாடியில்) மாட்டிய கேமராவிலிருந்து இறங்கும் லேன் வயரிலும் பாயும். வெளியே போகிற லேன் வயரை சர்வர் மாட்டிய அதே சுவிட்சில் சேர்க்காமல் இருப்பது நல்லது. செம்மண் காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசியில் எர்த் குழியும் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். மினி பிசியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யாமல் மேலே போகாதீர்கள்.

டிஸ்க்

சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், படங்களும் வீடியோக்களும் தனி ஹார்ட் டிஸ்க்கில். அதை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதி நிரந்தரமாக இணைக்கிறோம். புதியவர்களின் சர்வர் கரண்ட் வந்தும் எழாமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

நடப்பது இது. கரண்ட் வந்து பெட்டி எழுகிறது. யுஎஸ்பி டிஸ்க் சுழன்று தயாராகத் தாமதிக்கிறது, அல்லது வயர் லேசாக நழுவியிருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் உள்ள டிஸ்க்குக்காக லினக்ஸ் 90 நொடி காத்திருந்து பார்க்கும். வராவிட்டால் எமர்ஜென்சி மோட் என்று நின்றுவிடும். நெட்வொர்க் வராது, எஸ்எஸ்எச் வராது. சர்வர் செத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது ஒரு டிஸ்க்குக்காக வாசலில் நிற்கிறது. அந்த வரியில் நோஃபெயில் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், டிஸ்க் இல்லாவிட்டாலும் மற்ற எல்லாம் எழும். டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் குறிக்காமல் யுயுஐடி எண்ணால் குறியுங்கள். அந்தப் பெயர்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் மாறலாம்.

நோஃபெயில் போட்டதும் அடுத்த ஆபத்து வருகிறது. டிஸ்க் இணையாத நேரத்தில் அதன் இடத்தில் இருப்பது ஒரு வெறும் ஃபோல்டர். போட்டோ மென்பொருள் அது தெரியாமல் அந்த வெறும் ஃபோல்டரில் எழுதத் தொடங்கும், அதாவது சிறிய எஸ்எஸ்டியில். நாலு நாளில் எஸ்எஸ்டி நிறைந்து எல்லாம் நிற்கும். தவிர்க்க, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெறும் ஃபோல்டர்மேல் சாட்டர் பிளஸ் ஐ கட்டளையைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். டிஸ்க் இணைந்திருக்கும்போது இந்தப் பூட்டு குறுக்கே வராது. இணையாதபோது ரூட் பயனராலும் அதில் எழுத முடியாது. மென்பொருள் பிழை காட்டி நிற்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

1 டெராபைட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தில் எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024-இல் எண்ணுகிறது. அதுபோக எக்ஸ்ட்4, ரூட்டுக்கென்று 5 சதவீதத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 4 டெராபைட்டில் அது 200 ஜிபி. படம் மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 சதவீதமாக்கலாம்.

ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியைப் போட்டு வாரம் ஒருமுறை டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீளமான பட்டியலில் நான்கு எண்கள் போதும். 5, 197, 198 ஆகிய வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் போய், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே வந்தால் டிஸ்க் விடைபெறத் தயாராகிவிட்டது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை, கேபிளில்தான்.

வெயில் இன்னொரு எதிரி. கோடையில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி என்பது புதிதில்லை. வெளியே 40 என்றால், காங்கிரீட் தளத்துக்கு அடியில் உள்ள பரணில் மாலை நேரச் சூடு இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனால் சர்வரை ‘யாரும் தொடாத இடம்’ என்று பரணில்தான் ஏற்றி வைக்கிறார்கள். டிஸ்க் 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கீழ்த்தளப் பட்டாசலில் (கூடத்தில்), தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இரண்டு பக்கம் காற்றோடும் திறந்த தட்டு போதும். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும். காற்று ஓட்டைகளுக்கு மெல்லிய நைலான் வலை ஒட்டலாம். ஆடிக் காற்று முடிந்ததும் கழற்றித் தூசி தட்ட வேண்டும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர்களைப் பச்சை பிடிக்க வைக்கும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள்.

என்னென்ன ஓட்டலாம்

முதல் மாதம் சாம்பா ஒன்று போதும். வீட்டு கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் பொதுவான ஃபோல்டர் கிடைக்கும். பிறகு படம், பாட்டுக்கு ஜெல்லிஃபின். போன் படங்களைத் தானாக ஏற்றிக்கொள்ள இம்மிச், அதற்கு 8 ஜிபி ராம் இருந்தால்தான் நிம்மதி. இவற்றை டாக்கரில், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி டப்பாவில் போட்டது மாதிரி ஓட்டும் ஏற்பாட்டில், ஓட்டுவது எளிது. ஒவ்வொன்றுக்கும் ரீஸ்டார்ட் என்ற வரியில் அன்லெஸ்-ஸ்டாப்டு என்று எழுதினால்தான் கரண்ட் வந்ததும் தாமே எழும். எழுதாவிட்டால் சர்வர் எழுந்திருக்கும், உள்ளே ஒன்றும் ஓடாது. டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் தடுப்பைத் தாண்டிப் போய்விடும் என்பதும் பலருக்குத் தெரியாது. யுஎஃப்டபிள்யூவில் மூடியிருக்கிறேன் என்று நம்பி இருக்காதீர்கள்.

விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் நல்ல சாமான்தான். ஆனால் வீட்டின் டிஎன்எஸ், அதாவது தளப் பெயருக்கு முகவரி கேட்கும் வேலை, முழுவதும் அதன் வழியாகப் போவதால், சர்வர் விழுந்தால் வீட்டில் எல்லாருக்கும் நெட் போய்விடும். சர்வர் தானே எழுகிறது என்று நிச்சயமான பிறகு போடுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது, ஆக 6 பைட். கணக்குப் போட்டால் 85 குறியீடு, எழுத்தாக எண்ணினால் ஐம்பதை ஒட்டி முடிந்துவிடும். ‘பெரியப்பா மகள் கல்யாணம் வரவேற்பு மாலை நிகழ்ச்சி முழு வீடியோ அம்பாசமுத்திரம் திருநெல்வேலி மாவட்டம்’ என்று பெயர் வைத்த கோப்பு விண்டோஸில் இருக்கும், சர்வருக்கு ஏறாது. விண்டோஸ் எண்ணுவது குறியீடுகளை, லினக்ஸ் எண்ணுவது பைட்டுகளை. ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என்று சுருக்கி வையுங்கள். பழைய டிடிபி கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தவை என்றால், தேடலில் தமிழில் அடித்து எடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றிய நகலையும் கூடவே வைக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வீட்டுக்கு

துபாயிலிருந்து வீட்டு சர்வரைத் தொட, ரவுட்டரில் போர்ட் திறந்து பார்த்து முடியாமல் பலர் சோர்ந்துபோகிறார்கள். தவறு அவர்கள்மேல் இல்லை. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு இப்போது சொந்தமாக ஒரு பொது ஐபிவி4 முகவரி கிடையாது. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். ரவுட்டரின் வான் முகவரி, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான். உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பு மட்டுமே நடக்கும். அதற்கு ஏற்றது டெயில்ஸ்கேல். வயர்கார்டு என்ற மறைகுறியாக்கத்தின்மேல் கட்டியது; சர்வரிலும் போனிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது மாதிரி பேசிக்கொள்ளும். பொது முகவரி கிடைத்தாலும் எஸ்எஸ்எச்சையோ சாம்பாவையோ நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். திறந்த சில நிமிஷங்களிலேயே பாஸ்வேர்டு ஊகிக்கும் தட்டல்கள் பதிவேட்டில் வரிசையாக விழும்.

இன்னொரு வீட்டில் ஒரு நகல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நெல்லைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன் சுற்றுவட்டாரம் முழுக்கத் தண்ணீர். கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டரும், அதன் நகல் இருந்த டிஸ்க்கும், இரண்டும் ஒரே மேஜையில் இருந்திருந்தால் ஒன்றாகத்தான் போயிருக்கும்.

இரண்டு டிஸ்க்கை ரெய்டு போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்தால் நகல் ஆகிவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு டிஸ்க் கெட்டால் காப்பாற்றும், சரி. ஆனால் பிள்ளை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில், மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கும் டிலீட் சேர்த்து இரவில் ஓட்டுவதிலும் இதே ஆபத்துதான், ஒரு ராத்திரி தாமதமாக வரும். பழைய தேதிகளின் நிலையையும் வைத்துக்கொள்ளும் ரெஸ்டிக் அல்லது போர்க் பயன்படுத்துங்கள். இரண்டிலும் மறைகுறியாக்கி வைத்தால், நகல் டிஸ்க் வேறு வீட்டில் இருந்தாலும் யாரும் திறந்து பார்க்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தொலைந்தால் நகல் இருந்தும் பயனில்லை.

வேறு வீடு என்றால் தெருவில் அடுத்த வீடு இல்லை. ஆற்றங்கரை வீட்டுக்காரருக்குத் தென்காசியில் சித்தி வீடு, கடையத்தில் மாமா வீடு, இப்படி ஒரே மழையில் இரண்டும் மாட்டாத இடம் நல்லது. இரண்டு 2.5 இஞ்ச் டிஸ்க் வாங்கி, பொங்கலுக்கும் ஆனித் தேரோட்டத்துக்கும் போக வர மாற்றிக்கொண்டால் அதிகம் போனால் அரை வருஷப் படம்தான் ஆபத்தில் இருக்கும். இன்டர்நெட் நன்றாக இருந்தால் சித்தி வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, டெயில்ஸ்கேல் வழியாகத் தினமும் இரவு 2 மணிக்கு அனுப்பலாம். முதல் நகலை மட்டும் வீட்டிலேயே டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு போங்கள். 500 ஜிபியை வீட்டு அப்லோடில் தள்ளிக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் ஆகும். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு படத்தையாவது எடுத்துத் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக நாள் குறிக்க வேண்டாம், பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வரட்டும். அன்று காலை 8.45-க்கு ஷட்டவுன் கொடுத்து அணைத்துவிட்டு, சர்வர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து நேர் லைனுக்கு மாற்றுங்கள்; மாட்டியதும் பெட்டி தானே எழுந்தால் மறுபடி ஷட்டவுன் கொடுங்கள். பிறகு வேலைக்குப் போய்விடுங்கள். 2 மணிக்குக் கரண்ட் வரும். 2.10-க்கு வெளியிலிருந்து, போன் டேட்டாவில், டெயில்ஸ்கேல் வழியாக ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் பயாஸ், டிஸ்க், டாக்கர், நெட்வொர்க் நான்கும் சரி. திறக்கவில்லை என்றால் மாலையில் மானிட்டரை மாட்டிப் பாருங்கள். எஃப்1 கேட்டு நின்றால் பட்டன் பேட்டரி. எமர்ஜென்சி மோட் என்று நின்றால் எஃப்எஸ்டேப். லாகின் வரி வந்து நின்றால் கோளாறு டாக்கரிலோ டெயில்ஸ்கேலிலோ. திரையே எரியாமல் பெட்டி அணைந்து கிடந்தால் பயாஸில் அந்த ‘ஆன்’ இன்னும் போடப்படவில்லை.